நடக்கும் வழியும் மருந்தின் அளவே
இதய நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு நடைப்பாடம்

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவர், ஐந்தாம் வாரத்தில் மனைவியுடனும் மகளுடனும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். வயது 58. வீடு காட்டுப்பாக்கத்தில். நாங்கள் எழுதிக் கொடுத்தபடி, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத் தளத்தில் காலையும் மாலையும் 15 நிமிடம் நடந்து வந்தார். எந்தத் தொந்தரவும் இல்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் மெரினாவுக்குச் சென்றிருக்கிறார். பேரக்குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மணலைக் கடந்து அலை வரை நடந்தார். திரும்பும்போது நெஞ்சின் நடுவே ஓர் அழுத்தம். இடது கையில் கனம். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும் வேளையில் அதைச் சொல்லிக் கெடுக்க மனமில்லாமல், காலணியைச் சரிசெய்வதுபோல் இரண்டு முறை குனிந்து நின்று சமாளித்திருக்கிறார். வீட்டாருக்கு அது தெரிந்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

"இனிமேல் அப்பாவை நடக்கவே விடப்போவதில்லை, டாக்டர்" என்றார் மகள். அவருடைய அச்சம் இயல்பானது. ஆனால் அந்த முடிவை ஏற்றிருந்தால், கடற்கரையில் நேர்ந்த தவற்றைவிடப் பெரிய தவறு நிகழ்ந்திருக்கும். நடை அவருக்குக் கேடு செய்யவில்லை. அவர் நடந்த வழி அன்று அவருடைய இதயத்தின் அளவுக்கு மீறியதாக இருந்தது. மாத்திரையின் பெயரை மட்டும் எழுதி, எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் விட்டால் அது மருந்துச் சீட்டு ஆகாது. நடைக்கும் அப்படியே. எத்தனை நிமிடம், எத்தகைய தரை, எவ்வளவு சரிவு, எந்த நேரம் என்பவையெல்லாம் சேர்ந்ததே அதன் அளவு. அந்த அளவை நோயாளியும் குடும்பத்தாரும் தாமே கணிக்கக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

படுக்கை ஓய்வு ஏன் போதாது?

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதே 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை மருத்துவ வழக்கமாக இருந்தது. 1952இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லௌனும், நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியபோது அது துணிச்சலான கருத்தாகத் தோன்றியது. இன்று, சிக்கல் இல்லாத மாரடைப்பு என்றால், ஓரிரு நாளிலேயே நோயாளியை வார்டுக்குள் நடக்க வைக்கிறோம்.

இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், சுமார் 20 வதுடைய ஆரோக்கியமான இளைஞர் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களுடைய உடல் உச்ச அளவில் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. அதே ஐவரையும் 30 ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை ஏற்படுத்திய இழப்பைவிட மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பே அதிகம் என்று தெரிந்தது. நல்ல இதயத்துக்கே இந்நிலை என்றால், நோயுற்ற இதயத்தைக் கூறவேண்டியதில்லை. நீண்ட படுக்கையால் கால் தசைகள் இளைக்கின்றன; நரம்புகளில் இரத்தம் உறைய வாய்ப்பு கூடுகிறது; எழுந்தால் தலைசுற்றுகிறது; மனமும் சோர்கிறது.

முறையான நடை இதற்கு நேர்மாறான பயனைத் தருகிறது. பழகிய கால் தசைகள் இரத்தத்திலிருந்து உயிர்வளியைத் திறம்பட எடுத்துக்கொள்கின்றன. எனவே அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் முடிக்கிறது. முன்பு ஒரு மாடி ஏறியதும் மூச்சிரைத்தவர், சில வாரங்களில் இரைப்பின்றி ஏறுவதன் இரகசியம் இதுவே.

வழியை அளந்த மருத்துவர்

வழியையே மருந்தின் அளவாகக் கருதும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவர் மாக்ஸ் ஜோசப் எர்ட்டெல், 1880களில் இதய நோயாளிகளுக்கு மலைப்பகுதிகளில் நடைவழிகளை வகுத்தார். சமதளம், மெல்லிய ஏற்றம், கூடுதல் ஏற்றம் எனச் சரிவின் அளவைக் கொண்டு வழிகளைத் தரம் பிரித்து, நோயாளியின் நிலைக்கு ஏற்ப ஒன்றிலிருந்து அடுத்ததற்கு முன்னேறச் செய்தார். அவருடைய காலத்து வேறு சில சிகிச்சைக் கருத்துகள் இன்று வழக்கில் இல்லை. எனினும் எளிய வழியில் தொடங்கிப் படிப்படியாகக் கடின வழிக்குச் செல்லும் முறை இன்றைய இதய மறுவாழ்வுப் பயிற்சியிலும் தொடர்கிறது.

வீட்டுக்கு அனுப்புமுன் நம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உங்களை நடக்கவைத்தது நினைவிருக்கலாம். அது 6 நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளச் சமதளத்தில், 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று அதில் அளக்கிறோம். மேலே கூறிய நோயாளி 330 மீட்டர் நடந்தார். அதாவது நிமிடத்துக்கு 55 மீட்டர். அந்தக் கணக்கில், அவர் நாள்தோறும் நடந்த 15 நிமிடம் என்பது சுமார் 800 மீட்டர்.

இனி மெரினாவுக்கு வருவோம்.

மணலில் நடந்தது எவ்வளவு?

மெரினாவின் மணற்பரப்பு சராசரியாக 300 மீட்டர் அகலம் உடையது. சில இடங்களில் 400 மீட்டரையும் தாண்டும். அது எப்போதும் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது அவை இந்த மணல் ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. சாலையிலிருந்து அலையைத் தொட இன்று நாம் நடக்கும் தொலைவு அவ்வாறு உண்டானது.

காய்ந்த மணலில் ஒவ்வோர் அடியிலும் பாதம் புதைந்து சறுக்குகிறது. தரையை உந்தும் விசையின் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே வீணாகிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. நம் நோயாளி மணலில் போகவும் வரவும் நடந்தது ஏறத்தாழ 600 மீட்டர். இதயத்தைப் பொறுத்தவரை அது சமதளத்தில் 1200 மீட்டருக்கும் மேல். வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு. அதுவும் குழந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, இடையில் உட்கார இருக்கை இன்றி. வலி வந்ததில் வியப்பில்லை.

கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது மகளின் முகம் தெளிந்தது. "அப்படியானால் கடற்கரைக்கே போகக் கூடாதா?" என்று நோயாளி கேட்டார். போகலாம், மணலில் இறங்காமல், நடைபாதையில் நடக்கலாம் என்றோம். மருந்தின் அளவை மாற்றி, ட்ரெட்மில் பரிசோதனை செய்து, இரண்டு வாரம் பழைய 15 நிமிடத்திலேயே நிறுத்திவைத்து, பிறகே அதற்கு இசைவு கொடுத்தோம்.

கடலோர வழிகள்

1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் என்பவரே கடலோரத்தில் நடைபாதை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டவர். உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, கலங்கரை விளக்கம் ஆகியவற்றை ஒட்டிச் செல்லும் இந்நடைபாதை சமதளமானது, தரை உறுதியானது, வாகனம் பக்கத்திலேயே வந்து நிற்கலாம். புதிதாக நடக்கத் தொடங்குவோர்க்கு ஏற்ற வழி இது.

இங்கு ஒரு விதியை மறக்கலாகாது. நேர்வழியில் போகும் தூரம் பாதி மட்டுமே; திரும்பி வருவது மறுபாதி. 20 நிமிடம் நடக்க இசைவு பெற்றவர், 10ஆம் நிமிடத்தில், களைப்பு இல்லாவிட்டாலும், திரும்பிவிட வேண்டும். களைத்த பிறகு திரும்புபவர் இருமடங்கு நடக்க நேரிடும்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் நடப்பது சிறிய ஏற்றத்தில் ஏறுவதற்கு ஒப்பாகும். கோடை மாலைகளில் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசும். ஆகவே முதலில் தெற்கு நோக்கி நடந்து, களைப்புறும் பின்பாதியில் காற்றை முதுகில் வாங்கித் திரும்புவது நல்லது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதை மாற்றி, முதலில் வடக்கு நோக்கி நடக்கலாம்.

சக்கர நாற்காலியில் வருவோரும் அலையின் அருகே செல்வதற்காக, 2022இல் மெரினா மணலின்மீது 263 மீட்டர் நீள மரப்பாதை அமைக்கப்பட்டது. மணலில் நடக்க இசைவு பெறாத இதய நோயாளிகளுக்கும் அது பயன்படும். ஆனால் அங்கும் போகவர 526 மீட்டர் என்பதை நினைவில் வைக்கவேண்டும். புயல், மழைக்குப் பின் அதன் நிலையைப் பார்த்தே ஏற வேண்டும்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை இன்னும் அடக்கமானது. நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபம் அங்கு நிற்கிறது. அதனைத் தொலைவிலிருந்து காண்பதே போதும். அதை அடைய மணலில் இறங்கவேண்டும். ஈர மணல் இறுகியிருக்கிறதே, அங்கு நடக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஈர மணல் இறுக்கமானதுதான். ஆயினும் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு காலுக்கும் இடுப்புக்கும் சுமை கூடுகிறது. அதனை அடையக் காய்ந்த மணலைக் கடந்தே தீரவேண்டும். நம் கடற்கரைகளில் நீரோட்டம் வலிமையானது என்பதால் நீரில் இறங்குவதும் தகாது.

சர்க்கரை நோயாளிகள் மணலிலும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்கு வெயில் மணலின் சூடும் கிளிஞ்சலின் கீறலும் தெரிவதில்லை. கொப்புளத்தைக் கண்டு மறுநாள் வருவோரை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம்.

வன நிழலில்

கடலோரத்தில் இல்லாத ஒரு வசதி காட்டில் உண்டு, அது நிழல். கிண்டி தேசியப் பூங்கா, நகருக்குள்ளேயே சுமார் 270 ஹெக்டேரில் விரிந்த உலர் பசுமைமாறாக் காடு. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் அங்கு வாழ்கின்றன. காட்டின் உட்பகுதிக்குள் அனுமதியின்றிச் செல்ல இயலாது. அதனை ஒட்டிய சிறுவர் பூங்காவில் மர நிழலில் சமதளப் பாதைகள் உள்ளன. பேரக்குழந்தைகள் மான்களைப் பார்க்க, தாத்தாவும் பாட்டியும் தம் வேகத்தில் நடந்து அமர்ந்து வரலாம். குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கக்கூடும்; சர்க்கரை நோயாளிகள் குளுக்கோஸைக் கையில் தூக்கிச் செல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நன்று.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985 முதல் இயங்குகிறது. பரப்பு சுமார் 602 ஹெக்டேர். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நம் பகுதியிலிருந்து எளிதில் சென்றுவிடலாம். அழகிய காட்டுவழிதான், ஆனால் முழுவதும் நடந்து சுற்றுவது பல கிலோமீட்டர். 30 நிமிடம் தொடர்ந்து நடக்கப் பழகாத எவரும் அதற்கு முயலலாகாது. பேட்டரி வாகனத்தில் சென்று, நிழலான ஒரு பகுதியில் மட்டும் இறங்கி நடப்பதே முறை. வழக்கமாக இவ்விரு இடங்களுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காட்டுவழியில் வேர், சருகு, ஈரப்பாசி ஆகியவை காலை இடறும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர் விழுந்தால் இரத்தக்கசிவு அதிகமாகும். ஆகவே பிடிப்புள்ள, குதிகால் மூடிய காலணி வேண்டும். பாதை ஏறத் தொடங்கினால் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

அன்றாட நடை எங்கே?

கடலும் காடும் வாரம் ஒரு நாளுக்கு உரியவை. இதயத்தைத் தேற்றுவது அன்றாட நடை. காட்டுப்பாக்கத்தில் இருப்போர்க்கு அதுவே இடர்ப்பாடு. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் புகையும் வாகன நெரிசலும், உள்தெருக்களில் நாய்களும் பள்ளங்களும் நடையைத் தடுக்கின்றன. முதல் மூன்று வாரங்களுக்கு வீட்டு முற்றமோ, மொட்டை மாடியோ, வாகன நிறுத்தத் தளமோ போதும். மாடியில் நடப்பவர் படி ஏறுவதற்கு இசைவு பெற்றிருக்கவேண்டும். பிறகு, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை போன்ற நடைபாதைகளை நாடலாம். கோயில் பிரகாரமும் நல்ல சமதளமே. கல் சுடாத காலை வேளையில், கூட்டம் இல்லாத நாளில் செல்லுங்கள்.

படிப்படியான அளவு

சிக்கல் இல்லாத மாரடைப்புக்கும் ஸ்டென்ட் சிகிச்சைக்கும் பின் நாங்கள் பொதுவாகக் கூறும் அளவு இது. உங்கள் மருத்துவர் வேறுவிதமாகக் கூறியிருந்தால் அவர் கூறியதே உங்களுக்கு உரியது.

முதல் வாரம்: வீட்டுக்குள் 5 நிமிடம், நாளுக்கு 2 அல்லது 3 முறை.
இரண்டாம் வாரம்: சமதளத்தில் 10 நிமிடம், இரு வேளை.
மூன்றாம் வாரம்: 15 நிமிடம், இரு வேளை.
நான்காம், ஐந்தாம் வாரம்: 20 நிமிடம். துணையுடன் கடற்கரை நடைபாதைக்கோ பூங்காவுக்கோ செல்லலாம்.
ஆறாம் வாரம் முதல்: 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடம் என்னும் அளவை இவ்வாறு எட்டலாம்.
மணல், ஏற்றம், பரங்கிமலை போன்ற இடங்களின் படிகள்: மறுபரிசோதனைக்குப் பின், மருத்துவர் இசைவு தந்தால் மட்டும்.

வேகத்தை அறிய எளிய சோதனை பேச்சு. நடந்தவாறே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகை. நாடித் துடிப்பை மட்டும் நம்பவேண்டாம். பீட்டா தடுப்பான் மருந்து உண்பவர்க்கு உழைப்பு மிகுந்தாலும் நாடி அவ்வளவாக உயராது. உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரமாவது கழித்து நடக்கவேண்டும். கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பைபாஸ் அறுவை செய்துகொண்டவர், நெஞ்செலும்பு கூடும் வரை, குழந்தையையோ கனமான பையையோ தூக்கலாகாது.

சொல்லாமல் இருக்கவேண்டாம்

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், தாடையிலோ கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை இவற்றுள் எது வந்தாலும் உடனே நின்று உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டிருந்தால், உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை உண்பவர் அதனை எங்களிடம் முன்பே கூறிவிடவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால், அல்லது அதிகரித்தால், 108ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டி வரவேண்டாம். வலி தானே தணிந்துவிட்டாலும் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி வலியை மறைப்பது பெரும்பாலும் உங்கள்மீதுள்ள அன்பினால்தான். தம்மால் மற்றவர் மகிழ்ச்சி கெடக்கூடாது என்று எண்ணுகிறார். ஆகவே புறப்படும்போதே, "எங்கு உட்காரவேண்டும் என்று தோன்றினாலும் சொல்லுங்கள், எல்லோரும் உட்காருவோம்" என்று கூறிவிடுங்கள். இளையவர் முன்னே செல்லாமல், நோயாளியின் பக்கத்தில் அவருடைய வேகத்திலேயே நடக்கட்டும்.

நாம் தொடக்கத்தில் கூறியவர் பன்னிரண்டாம் வாரத்தில் 6 நிமிடச் சோதனையில் 420 மீட்டர் நடந்தார். இப்போது மாதம் ஒருமுறை மெரினா செல்கிறார்கள். அவரும் மனைவியும் நடைபாதையில் 30 நிமிடம் நடந்துவிட்டு இருக்கையில் அமர, மகள் குழந்தையை அலைக்கு அழைத்துச் செல்கிறார்.

அடுத்த வருகைக்கு முன்

சிறு குறிப்பேடு ஒன்றில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதிவாருங்கள்: எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தகைய தரை, எத்தனை முறை நின்றீர்கள், பேசிக்கொண்டே நடக்க முடிந்ததா. வெளியிடம் சென்ற நாளில், உடன் வந்தவர் கண்டதையும் ஒரு வரி எழுதட்டும். அக்குறிப்பேட்டை மருந்துச் சீட்டுடன் எடுத்து வாருங்கள். அடுத்த வழியை நாம் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.